சொல்லும்வரை திருப்பாதே

ஹேமநாத் சீட்டு வித்தை கற்றுக்கொள்கிறான் என்று கேள்விப்பட்டு அந்தத் தெருவில் சிரிக்காதவர்கள் இல்லை. பட்டுத் தறியில் உட்காருகிற ஆள், கல்யாணமானவன், ஸ்கூல் பையன் மாதிரி சீட்டுக்கட்டும் கையுமாகத் திரிந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்துவிட்டுப் போகட்டும். சிரிக்க வேண்டிய ஒருத்திதான் சிரிக்கவில்லை.

அவன் மனைவி சுபலட்சுமி. ஆடி மாதம் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. அதற்குப் பிறகு அவள் உட்கார்ந்து அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. சமைத்தாள், துவைத்தாள், தறிக்கு நூல் தார் சுற்றினாள், ஏதாவது கேட்டால் 'ம்' என்றாள். அவ்வளவுதான். சொல்லப்போனால் அவனுக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வெகுநேரம் மடக்கி வைத்த கால் மாதிரி எல்லாமே மரத்துக் கிடந்தது. ஆனால் இப்படியே விட்டால் அவள் இனி எப்போதும் பேசவே மாட்டாளோ என்று ஒருநாள் பயம் வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை அவள் முகம் அசைந்தால் போதும். அதற்குத்தான் செல்போனில் பார்த்த அந்தச் சீட்டு வித்தை.

வித்தை இதுதான். கட்டின் மேலே இருக்கும் இரண்டு சீட்டை ஒன்றுபோலச் சேர்த்துத் திருப்பிக் காட்ட வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு சீட்டுதான். மறுபடி கவிழ்த்து, மேல் சீட்டை மட்டும் அவர் கையில் கொடுத்தால், அவர் பார்த்தது ஒன்று, கையில் இருப்பது வேறு. மந்திரம் போட்டுத் திருப்பச் சொன்னால் வாயைப் பிளப்பார்.

கை விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. அறுந்த பட்டு இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிற விரல். இரண்டு சீட்டும் பிசிறில்லாமல் ஒட்டிக்கொண்டு எழுந்தன. வாய்தான் பேஜார்.

"இன்னாடா இது, ரேஷன் கடையில சக்கரை இல்லன்னு சொல்றவன் மாதிரி சொல்ற?" என்றான் பக்கத்துத் தறிக்காரன் எழிலரசன். "மூஞ்சியப் பாத்துப் பேசு. கையையே பாத்துகினு இருந்தா, திருட்டு எங்க நடக்குதுன்னு நீயே காட்டிக் குடுக்கற."

நியாயம்தான். முகத்தைப் பார்த்துப் பேசப் பழகினான். கண்ணாடி முன்னால் நின்று சிரிக்கவும் பழகினான். உதடு போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று, உள்ளே ஒன்றுமில்லை.

அப்படியும் வித்தை உதைத்தது. இந்த ஊர்தான் காரணம். வீடியோவில் சீட்டை வாங்கினவர் சாமி பிரசாதம் மாதிரி அப்படியே ஏந்திக்கொண்டு நிற்கிறார். ஆரணியில் நடக்குமா? புடவையைப் புரட்டிப் பின்பக்கத்து நெசவைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த ஜனம். கையில் எது வந்தாலும் முதல் காரியம் திருப்புவதுதான். எழிலரசன் திருப்பினான். தறியில் பாவு நூல் பிணைக்க வந்த மாணிக்கவேல் திருப்பினார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ரேணுகாதேவி அக்கா, அவன் மந்திரத்தை ஆரம்பிப்பதற்குள் திருப்பிவிட்டு, "இது வேற சீட்டுப்பா, மாத்திக் குடுத்துட்ட பாரு" என்று அக்கறையாகத் திரும்பக் கொடுத்தாள். அட கடவுளே!

"குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுடா," என்றான் எழிலரசன். "'பாக்காத, அப்புறம் நானே காட்றேன்'னு அழுத்திச் சொல்லு. சொல்லிகினே அவங்க இன்னொரு கையை எடுத்து மேல வெச்சு மூடிடு. அப்புறம் எவன் திருப்புவான்?"

பலித்தது. மாணிக்கவேல் "அடேங்கப்பா!" என்றார். தறியில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் ஹேமநாத் அந்த வாக்கியத்தையே முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் சுபலட்சுமியை எதிரில் உட்காரவைத்தான்.

"சும்மா பாரேன், ஒரு நிமிஷம்."

"ம்."

முகத்தைப் பார்த்துப் பேசினான். சிரித்தான். இதயம் போட்ட ஆட்டின் ராணிச் சீட்டைக் காட்டிக் கவிழ்த்தான். மேல் சீட்டை அவள் உள்ளங்கையில் வைத்து, அவளுடைய இன்னொரு கையை எடுத்து மேலே மூடினான்.

"பாக்காத. அப்புறம் நானே காட்றேன்."

நெசவு வீட்டுப் பெண்ணாக இருந்தும் அவள் கையை அசைக்கவே இல்லை. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இதையேதாங்க சொன்னீங்க."

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஆஸ்பத்திரியில் துணி சுற்றிய குழந்தையை அவன் தூக்கிக்கொண்டு அவள் கட்டிலைத் தாண்டும்போது அவள் கையை நீட்டினாள். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். துணியை இழுத்து மூடி, இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, நேராகச் சுடுகாட்டுக்குப் போய்விட்டான். அப்புறம் ஏது?

"யாரும் எனக்குச் சொல்லல," என்றாள். "நீங்களும் சொல்லல. எப்டி இருந்தான்?"

குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணியை விலக்கி, அவன் மட்டும் பார்த்திருந்தான். அதை இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

"தல நெறைய முடி," என்றான் தரையைப் பார்த்து. "மூக்கு... உன் மூக்குதான். வெரல இப்டி மடக்கிகினு இருந்தான்."

சீட்டு அவள் மடியில் விழுந்து தரைக்குச் சரிந்தது. இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை. அவள் தன் கையைத் தூக்கி விரல்களை மெதுவாக மடக்கிக் காட்டினாள்.

"இப்டியா?"

"இன்னும் கொஞ்சம்," என்று சொல்லும்போதே அவனுக்கு அழுகை பீறிட்டு வந்துவிட்டது.