படிவத்தில் பதினெட்டு

உடுமலைப்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப்பில் அடிவாரம்வரை குலுங்கி, அங்கிருந்து நாலு மணி நேரம் நடந்தால்தான் தேன்பாறை வரும். ஏஜென்ட் தங்கதுரைக்கு அந்த மலைப்பாதை பழகிப்போனது. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு ஊர் ஊராகப் போய்ப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது அவர் தொழில். அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டே பின்னால் வந்தவள் நாகஜோதி. அதே கம்பெனியில் சூப்பர்வைசர். கூட ஒரு பெண் வந்தால் பெற்றவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று, எங்கே போனாலும் அவளையும் அழைத்துப் போவார். "நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்வதுதான் அவள் வேலை. சொல்லிச் சொல்லி நாக்குக்கே பழகிவிட்டது.

அது 2006ஆம் வருஷம். தேன்பாறைச் சரிவெங்கும் குறிஞ்சி நீலமாகப் பூத்துக் கிடந்தது. அதை நின்று பார்க்க ஊரில் யாருக்கும் நேரமில்லை. ராகிக்காட்டில் களையெடுப்பு. எல்லா வீட்டாரும் ஒரு வீட்டுக் காட்டில் இறங்கி முடித்துவிட்டு, மறுநாள் அடுத்த வீட்டுக் காட்டுக்குப் போவது அங்கே முறை. அன்று மருதாளின் காட்டுமுறை. மண்ணைக் கழுவிய கையோடு வந்து, இருவருக்கும் வரக்காப்பி கொடுத்தாள். அவள் மகள் செவ்வந்தி தினைக்கொல்லைப் பாறையில் நின்று தகரத்தைத் தட்டிக் கிளியோட்டிக்கொண்டிருந்தாள்.

போன மாதம்தான் யானைகள் பாதிக் காட்டை மிதித்துப் போட்டிருந்தன. மகளாவது கீழே போய் நன்றாக இருக்கட்டும் என்று மருதாள் ஆசைப்பட்டாள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

"மூணு வேளைச் சோறு, தங்க ஹாஸ்டல், பாக்க டிவி. ஊட்டுப் புள்ளையாட்டம் பாத்துக்குவாங்க," என்றார் தங்கதுரை.

நாகஜோதி படிவத்தை மடியில் வைத்து எழுதத் தொடங்கினாள். வயது என்ற இடத்தில் தங்கதுரை முன்கூட்டியே பதினெட்டு என்று எழுதி, டாக்டர் சர்டிபிகேட்டும் வாங்கி வைத்திருந்தார். கெட்டிக்காரர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க, இந்தப் பூவு வருசா வருசம் பூக்குங்களா?"

"பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்காதான் சாமி. எங்க வயசுக் கணக்கே இதுதான். எனக்கு இது நாலாம் பூ. போன பூவுல தைலப்புல் அறுக்கையில வலி வந்து இவளப் பெத்தேன்," என்று மருதாள் பெருமையாகச் சொன்னாள்.

நாகஜோதியின் பேனா நின்றது. அப்படியானால் செவ்வந்திக்குப் பன்னிரண்டு.

கோவில்பட்டியிலிருந்து திருப்பூருக்கு நாகஜோதி வந்ததும் அதே வயதில்தான். சோதனைக்கு ஆபீசர்கள் வரும் நாளெல்லாம் சின்னப் பிள்ளைகளை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். வெயிலில் நா வறண்டு அங்கே கிடந்திருக்கிறாள். இன்றைக்கு அதேபோல் சின்னப் பிள்ளைகளை மாடிக்கு விரட்டுகிறவள் அவளேதான். நினைத்ததும் அவமானத்தில் முகம் எரிந்தது.

தங்கதுரை அவள் பக்கம் குனிந்தார். "அம்மிணி, புள்ள வாட்டசாட்டமாத்தான இருக்குது. சீக்கிரம் முடிங்க."

மருதாள் நாகஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பாத்துக்குவீங்கல்ல தாயி?"

பழகிய பதில் வாய்வரை வந்தது. நாகஜோதி அதை விழுங்கிவிட்டு, படிவத்தை நாலாகக் கிழித்தாள்.

"இல்லக்கா, என்னால முடியாது. அங்க பன்னெண்டு மணி நேரம் நிக்கணும். காய்ச்சல்னாலும் விட மாட்டாக. அடிவாரத்துல அரசு விடுதிப் பள்ளிக்கூடம் இருக்கு. நாளைக்கே நானும் கூட வாரேன், புள்ளைய அங்க சேத்துருவோம்."

தங்கதுரைக்கு முகம் சிவந்தது. கோபத்திலும் மரியாதையை விடாத ஊர்க்காரர் அவர். "நாளைக்கு நீங்க கம்பெனிப் படியேற முடியாதுங்க!"

"ஏறல அண்ணாச்சி. தைக்கத் தெரிஞ்சவளுக்குத் திருப்பூர்ல வேலைக்கா பஞ்சம்?"

மருதாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப, இத்தன வருசமா நீங்க கூட்டிப்போன புள்ளைங்க?"

நாகஜோதி தலையைக் குனியவில்லை. "அவுக வீட்டுக்கெல்லாம் போய் உண்மையச் சொல்லப் போறேன்க்கா. சின்னப் புள்ளைய வேலைக்கு வைக்கிற மொதலாளி மட்டும் குத்தவாளி இல்ல. வயசு தெரிஞ்சும் கூட்டிட்டுப் போற நாங்கதான் மொதக் குத்தவாளி."