மூலையில் நிற்க வேண்டிய ஊசி

ஷாஜாதி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோது முதல் தையல் மெஷின் எதிரே இறங்கி வந்தது. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், இருவர் முகத்திலும் பாரம். அவள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். சாவு வீட்டு மய்யத்துக்கு ஒதுங்கி நிற்பது போலத் தோன்றியதும் தன்னையே கடிந்துகொண்டு மிச்சப் படிகளை வேகமாக ஏறினாள். இலவச அரிசி வாங்கும் சிவப்பு ரேஷன் கார்டுக் குடும்பத்துப் பெண்களுக்கென்று நடந்த பயிற்சிக் கூடம் அது. பாதித் தரை வெறுமையாகிக் கிடந்தது. மெஷின்கள் நின்ற இடங்களில் மட்டும் தூசியில்லாத சதுரங்கள்.

"கவர்மெண்ட் கிராண்ட் பணம் வர்லக்கா," என்றாள் கார்குழலி. தையல் சொல்லிக்கொடுப்பவள், ஷாஜாதியைவிட மிகவும் இளையவள். "ரெண்டாவது தவண வந்தாதான் மெஷினுக்கு வாடக. அவங்களும் எவ்ளோ நாளுதான் பொறுப்பாங்க?"

"அரிசிக்கு மட்டும் எப்புடியோ வந்துடுது," என்றாள் கமலவேணி. காலையில் வைத்திக்குப்பத்தில் மீன் விற்றுவிட்டு வருபவள். "நாம வேல கத்துக்கினா அப்பறம் எவ வந்து வரிசைல நிப்பா? அந்த பயம்தான்." யாரும் சிரிக்காததால் அவளே சிரித்துக்கொண்டாள்.

ஷாஜாதி திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றுதான் மேட்டுப்பாளையத்துத் தையல் கம்பெனியில் தேர்வு. நாற்பது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அடுத்த மாதம் அவள் அதைத் தாண்டிவிடுவாள். தேர்வு பெரிய விஷயமில்லை. சதுரத்துக்குள் சதுரமாகக் கோடு போட்ட ஒரு தாள், நூல் கோக்காத ஊசி. கோட்டின் மேலேயே ஓட்ட வேண்டும், மூலை வந்தால் ஊசி நிற்க வேண்டும். அங்கேதான் அவள் தோற்றுக்கொண்டிருந்தாள். வீட்டு மிதி மெஷினில் வருடக்கணக்காக ஜாக்கெட்டும் தலையணை உறையும் தைத்த கால் அது. ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் தையல் என்று பழகியது. கரண்டில் ஓடும் பவர் மெஷினில் மிதியை விரலால் அழுத்தினால் போதும், மற்றபடி கால் சும்மா இருக்க வேண்டியிருந்தது. அவள் காலுக்கு அது தெரியவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் தானாக ஒருமுறை ஆடிவிடும், ஊசி கோட்டைத் தாண்டிப் பறக்கும். ரேஷன் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாலும் கால் ஆடியது. தொழுகையில் நிற்கும்போதும் ஆடிவிடுமோ என்று பயந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்தோ என்னவோ, கார்குழலி ஆட்களிடம் சொன்னாள்: "அண்ணே, அந்த ஓரத்து மெஷின கடசியா எடுங்க. போயி டீ குடிச்சிட்டு வாங்க."

"கீழ வண்டி நிக்குதும்மா."

"நிக்கட்டுமே. நின்னா தேஞ்சா பூடும்?" என்றாள் கமலவேணி.

ஷாஜாதி உட்கார்ந்தாள். முதல் மூலையில் ஊசி நின்றது. இரண்டாவதில் தாண்டியது. "குதிகால தூக்காதீங்கக்கா," என்றாள் கார்குழலி மெல்ல. மூன்றாவதிலும் தாண்டியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள் சதுரத்துக்குத் திரும்பினாள். கோடு நேராக வந்துகொண்டிருந்தது. மூலைக்கு விரல்கடை இருக்கையில் மோட்டாரின் முனகல் சட்டென்று அறுந்தது. டீ குடித்துத் திரும்பி வந்த ஆள் பிளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தான்.

கார்குழலி சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியைத் தூக்கி, தாளை எடுத்துக் கொடுத்தாள். ஜன்னலுக்கு நேரே பிடித்தபோது ஓட்டைகள் வெளிச்சப் புள்ளிகளாக வரிசை போட்டு நின்றன. கோட்டுக்கு வெளியே போனவையும் அதே வெளிச்சத்தில்தான் இருந்தன.

"வூட்ல கால வச்சி பழகிப் பாருங்கக்கா."

"எதும்மேல?"

மெஷின் படியிறங்கும் சத்தத்தை மூவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டவுன் பஸ்ஸில் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் தான் எதைப் பார்த்துக்கொண்டு வருகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. டிரைவரின் வலது கால். குதி தரையைவிட்டு எழவே இல்லை. விரல்கள் மட்டும் அழுந்தின, எழுந்தன. பஸ் அதற்குக் கட்டுப்பட்டது.

"இன்னாக்கா, எங்காலயே பாத்துக்கினு வர? செருப்பு புடிச்சிருக்கா?"

"ஒண்ணுமில்லப்பா. நீ ரோட்ட பாத்து ஓட்டு."

ரயில் நிலைய ஸ்டாப்பில் கண்டக்டர் விசிலடித்தார். அவள் இறங்க வேண்டிய இடம். அவள் எழவில்லை. பஸ் மறுபடி கிளம்பியது. தூரத்தில் அடுத்த திருப்பம் தெரிந்தது. ஷாஜாதி செருப்பைக் கழற்றினாள். நடுங்கும் தகரத் தரையில் குதிகாலைப் பதித்து, விரல்களை மெல்ல அழுத்தியபடி, அந்த மூலை வருவதற்குக் காத்திருந்தாள்.