வலப்பக்கப் பின் சக்கரம்

என் கணவர் சத்தியதாஸை கரமனைப் பக்கத்தில் எல்லோரும் ஆசான் என்பார்கள். நான் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முப்பத்திரண்டு வருஷமாக ஒரே ஒர்க் ஷாப்பில் அவர் இரும்போடும் நான் சீட் தையலோடும் மல்லுக்கட்டிய பிறகு யாருக்கு யார் ஆசான்?

மூன்று வருஷத்துக்கு முன் ஷிஜி ஒரு லாரியில் அந்த எம்.ஜி. காரைக் கொண்டுவந்து இறக்கினாள். ஷிஜி பல் டாக்டர். வண்டி 1959-இல் இங்கிலாந்தில் செய்தது, கூரை கிடையாது, இரண்டே சீட்டு. போனக்காட்டில் ஒரு தேயிலை ஷெட்டுக்குள் எத்தனை காலம் கிடந்ததோ, ஓட்டுகிற சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது.

"இத ரேஸ்ல ஓட்டணும் ஆசானே," என்றாள்.

பழைய கார்களுக்கென்றே சென்னையில் ஒரு பந்தயம் நடக்கிறதாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வண்டிக்கடியில் படுத்துவிட்டார்.

அந்த மனுஷனுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. நல்ல சாப்பாடு, நல்ல துணி எதுவும் கேட்டதில்லை. ஒரு ரேஸ் ட்ராக்கைக் கண்ணால் பார்க்கவேண்டும், தான் கட்டிய வண்டி அதில் ஓடவேண்டும், அவ்வளவுதான். வண்டி பச்சை வண்ணம் பூசி நின்றது. கவிழ்ந்தால் தலையைக் காக்கிற இரும்பு வளையமும் தீயணைப்பானும் பொருத்தியாயிற்று. ஷிஜியின் உடம்புக்கு அளவெடுத்து நான் சீட் தைத்தேன். அவர் பெயர் போட்டு, மெக்கானிக் என்று அச்சடித்த பாஸும் சென்னையிலிருந்து வந்தது. அதைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். மீன்காரி அம்மிணிக்குக்கூட இரண்டு தடவை காட்டினார்.

இரண்டு தடவை காட்டியதை அம்மிணி கிண்டல் செய்தாள். நான் செய்யவில்லை. எனக்குக் காரணம் தெரியும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆரம்பித்தது. சாலைக் கடைவீதிக்கு போல்ட் வாங்கப் போனவர் அங்கிருந்து போன் பண்ணி, "நான் எதுக்கு வந்தேன் மலரே?" என்று கேட்டார். "என்னைக் கெட்டுனதையாவது ஓர்மை இருக்கா?" என்று நான் நையாண்டி பண்ணினேன். பிறகு அதே போன் இன்னும் இரண்டு தடவை வந்தது. டாக்டரிடம் கூட்டிப்போயிருக்க வேண்டும். போகவில்லை. டாக்டர் ஒரு பேர் சொல்லிவிட்டால் ஸ்பானரைத் தொடவிட மாட்டார்கள். சென்னை போய்வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மூடி மறைத்தேன். நான் செய்தது தப்பு.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மலையடிவாரத்துக் கல்லாறு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஷிஜி ஓட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வந்து இறங்கியபோது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

ஷிஜி போனபின் நான் வண்டியைத் துடைத்தேன். இந்தக் காரின் சக்கரத்துக்கு நம் கார்களைப்போல நாலைந்து நட்டு இல்லை. நடுவில் காது வைத்த ஒரே பெரிய நட்டு. செம்புச் சுத்தியலால் காதில் அடித்து இறுக்கவேண்டும். இடப்பக்க மரை ஒரு திசையிலும் வலப்பக்க மரை எதிர்த்திசையிலும் இருக்கும். ஓட ஓட இறுகட்டும் என்று யோசித்துச் செய்தது. பக்கம் மாறினால் ஓட ஓடக் கழலும். இறுக்கியபின் நட்டிலிருந்து சக்கரம் வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பது அவர் வழக்கம். வலப்பக்கப் பின் சக்கரத்தில் அந்தக் கோடு ஒரு விரற்கடை விலகியிருந்தது. குனிந்து பார்த்தேன். நட்டின் மேல் இடது என்று இங்கிலீஷில் பொறித்திருந்தது.

பின் அச்சில் பேரிங் மாற்றியபோது சக்கரம் உட்காருகிற இரண்டு பக்கத்து மரைக் குடங்களையும் நட்டோடு சேர்த்து இடம் வலம் மாற்றிப் பூட்டியிருக்கிறார். இன்னும் முப்பது கிலோமீட்டர் போயிருந்தால்?

"பக்கம் மாறிக் கெடக்கு. இஞ்ச வந்து பாருங்க," என்றேன்.

வந்து பார்த்தார். "ஷிஜியிட்ட பறயாத மலரே. ஒரு தெற்று யாருக்கும் வரும்."

"பறயேல்ல. ஆனா சென்னைக்கு நானும் வருவேன். நீங்க மாட்டுங்க, நான் பின்னாலயே நோக்குவேன்."

சம்மதித்தார். இரண்டு பேருமாகக் கழற்றிச் சரியாக மாட்டினோம். எனக்கு நிம்மதியாக இருந்தது. சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன், புத்தி கெட்டவள்.

வண்டியை லாரியில் ஏற்றுகிற நாள் வந்தது. நான் விழித்தபோது கட்டிலில் அவர் இல்லை. ஒர்க் ஷாப்புக்கு ஓடினேன். முழங்கை வரை கிரீஸோடு சந்தோஷமாக நின்றார்.

"ஏதோ ஒரு படுபாவி பின்னால பக்கம் மாத்தி மாட்டி வச்சிருக்கான். நான் கண்டதினால தப்பிச்சோம். எல்லாம் சரியாக்கிட்டேன்."

நான் குனிந்து பார்த்தேன். வலப்பக்கத்து நட்டில் இடது என்றிருந்தது. மஞ்சள் பெயின்ட் இன்னும் காயவில்லை. பக்கம் மாறிக் கிடக்கிறது என்று நான் சொன்னது அவர் மனதில் நின்றிருக்கிறது. அதைச் சரிசெய்தது நிற்கவில்லை. நாலு மணி நேரம் ஒற்றை ஆளாகப் பாடுபட்டு அந்தத் தப்பைத் திரும்பச் செய்திருக்கிறார்.

ஷிஜியின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. மறுபடியும் மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். சென்னையில் எந்த நேரத்தில் எழுந்து எதைச் சரியாக்குவாரோ? நான் கண் அசந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள்? எங்களுக்குப் பிள்ளை கிடையாது. இருந்தால் அவள் வயதுதான் இருக்கும்.

அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கிறிஸ்துமஸிலிருந்து தொடங்கிச் சொன்னேன்.

ஷிஜி சக்கரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "ஆசான் வரட்டும் சேச்சி. சக்கரம் பக்கத்து ஒர்க் ஷாப் ஜெயன் சேட்டன் மாட்டட்டும். ஆசான் கூட இருந்தா மதி, அது போதும்."

"சும்மா நின்னு காணதுக்கு நான் வரேல்ல மோளே," என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "கிறிஸ்துமஸ் முதல் நீ அறிவே, இல்லியா?"

"அறிவேன்."

திட்டுவார் என்று நின்றேன். கை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி எதையோ கணக்குப் போட்டார்.

"அதுக்குப் பிறகு என் கையால செய்து எத்தன வண்டி வெளிய போச்சு?"

இத்தனை மாதம் அவர் ஆசையை நினைத்தேன், அன்று காலையில் ஷிஜியை நினைத்தேன். மற்ற வண்டிகள் என் நினைப்புக்கே வரவில்லை. அதில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற வேன் ஒன்றும் இருந்தது.

ஜெயன் வந்து பின் சக்கரங்களைச் சரியாக்கி, மதியத்துக்குள் காரை லாரியில் ஏற்றினான். வண்டி தெருவைத் தாண்டுகிறவரை அவர் எழுந்து பார்க்கவில்லை. வேலைச் சீட்டுகளைக் கட்டாக எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு பதினான்கு வண்டி. வேன்காரர் சுப்புவின் நம்பரை முதலில் எடுத்துக் கொடுத்தேன்.

"சுப்பு, நான் சத்தியதாஸாக்கும். உன் வேனுக்கு பிரேக் பண்ணினது நான்தான். எனக்கு இப்ப ஓர்மை சரியில்ல கேட்டியா. என்ன செய்தேன்னு எனக்கே அறியாது. வண்டிய எடுக்காத. வேற நல்ல மெக்கானிக்க வச்சு நோக்கு."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அடுத்த ஆளுக்கும் அதையே சொன்னார். அதற்கடுத்த ஆளுக்கும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஓர்மை சரியில்ல என்று சொல்லும் இடத்தில் குரல் கொஞ்சம் தணிந்து மறுபடியும் சரியாகும். நான் சொல்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். போனைத் தரவில்லை.

ஐந்தாவது ஆளுக்குப் பேசி முடித்ததும் மேசையிலிருந்து முதல் சீட்டை எடுத்து, அதிலிருந்த நம்பரை அழுத்தினார். நான் தடுக்கக் கை நீட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது.

"சுப்பு, நான் சத்தியதாஸாக்கும். உன் வேனுக்கு பிரேக் பண்ணினது நான்தான்..."

ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். சுப்புவின் குரல் எனக்கும் கேட்டது.

"அப்படியா ஆசானே? நல்ல வேளை சொன்னீங்க. நான் வண்டிய எடுக்கேல்ல," என்றார் சுப்பு.

அவர் போனை மேசையில் வைத்தார்.

"சுப்புவுக்குச் சொல்லியாச்சு. இனி யாரு மலரே?"