தீப்பெட்டிக்குள் ஒரு பிறை

1

இந்தக் கதை ஒரு தீப்பெட்டியிலிருந்து வந்தது. உள்ளே இருப்பது குச்சி இல்லை. மூன்றாம் பகுதியில் திறக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பரந்த வானில் கோடானுகோடி விண்மீன்கள்’ [விட்டுவிட்டேன். அன்று மேகமூட்டம்.]

பரசுராமனுக்கு வயது எழுபத்திரண்டு. இளமையில் தொலைநோக்கியும் கையுமாகத் திரிந்தவர். நிலாவில் யாரோ வேட்டி காயப்போட்டிருந்ததைப் பார்த்ததாக முகம் மாறாமல் சொல்வார்.*

* பச்சைக் கரை.

2

தொலைநோக்கிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுத்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை மக்பூல். நாற்பது வருஷத்துக்கு முன், ரமலான் இருபத்தொன்பதாம் நாள் மாலை, பிறை தேடி இருவரும் சைக்கிளில் மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலைக்குப் போனார்கள். ஊருக்குள் நின்றால் மேற்கு வானத்தை மலை மறைத்துவிடும். மக்பூல் தன் வெள்ளைத் துணியால் லென்ஸைத் துடைத்து மாட்டினார்.

“பாய், பிறை!” என்றார் பரசுராமன்.

மக்பூலும் பார்த்தார். மெல்லிய வெள்ளை வளைவு. சாட்சி சொல்லப் பள்ளிவாசலுக்குப் பறந்தார்.

3

குழாயைக் கழற்றும்போதுதான் பரசுராமன் கண்டார். லென்ஸின் உட்புறம், மக்பூலின் துணியிலிருந்து உதிர்ந்த நூலிழை ஒன்று வளைந்து ஒட்டியிருந்தது.

சைக்கிளை மிதித்துப் போய் மக்பூலைத் தடுத்தார். [இல்லை. தடுக்கவில்லை. இழையைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டார்.]

வேறெங்கும் யாரும் பிறை பார்க்கவில்லை. பெரியவர்கள் சாட்சியை ஏற்கவில்லை. மக்பூலுக்கு ‘அவசரப் பிறை’ என்று பெயர் விழுந்தது. பார்த்தேன் என்று இன்றுவரை சொல்கிறார். பரசுராமன் தொலைநோக்கியைப் பரணில் போட்டார். அதன்பின் வாயால் மட்டுமே வானம் பார்த்தார்.

4

சந்திரயான் நிலாவில் இறங்கிய மாலை. டீக்கடை டிவி முன் ஊரே கைதட்டியது.

“இன்னா பரசு, அழுவுற?”

“டீ சூடு ஜாஸ்தி பாய்.”

“அதே நிலாதான்யா. ஒருத்தனும் நம்பல. நீயும் நானும் பார்த்தோம்ல?”

“பார்த்தோம் பாய்.”

அவர் சொன்ன பொய்களில் ஊர் நம்பியவை நிறைய. அவரைச் சுட்டது இது ஒன்றுதான்.

“அந்தக் குழாய எறக்குய்யா. இன்னொரு வாட்டி பிறை பாத்துட்டாப் போதும்.”

வீட்டுக்குப் போனதும் இறக்கினார். பாதி நிலா. பள்ளங்களின் விளிம்பில் வெளிச்சம் நின்றது. நாற்பது வருஷம் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று வாய்விட்டுச் சொன்னார். இதில் நான் எதையும் கூட்டவில்லை.

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறார். மக்பூல் சிரிக்கிறார். [யார் நம்புவார்கள்?]

முடிவு இரண்டு: சொல்கிறார். மக்பூலிடம் இருந்த ஒரே பிறையும்…

அடுத்த ரமலான், இருபத்தொன்பதாம் நாள், அதே இடம். குழாயில் வெறும் வானம்.

“தெரியுதா பரசு?”

சட்டைப்பையில் தீப்பெட்டி. இழையை மறுபடி ஒட்டிவிடலாம். அல்லது உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிடலாம். பொய் சொல்லியே வயதான என் கை இங்கே ஓடவில்லை. [‘அவர் கை’ என்று திருத்த நினைத்தேன். இருக்கட்டும்.]

பாய் காத்திருக்கிறார். இந்தாருங்கள், தீப்பெட்டியைப் பிடியுங்கள். மெதுவாக. காற்று அடிக்கிறது.