ஏழாம் எண் உத்திரம்

வீடு கட்டுகிறவனுக்கு ஆயிரம் பேர் யோசனை சொல்வார்கள். வீடு பிரிக்கிறவனுக்கு ஒருவரும் சொல்ல மாட்டார்கள். இடிப்பதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டியிருக்கிறது என்று நினைப்பு. இடிப்பது வேறு, பிரிப்பது வேறு. இடிக்க ஒரு இயந்திரம் போதும், அரை நாளில் எல்லாம் குப்பை. பிரிப்பதென்றால் கடைசியில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். முதலில் ஓடு, பிறகு சட்டங்கள், உத்திரம், கதவு, ஜன்னல், கடைசியில் செங்கல். ஒவ்வொன்றும் இன்னொரு வீட்டுக்குப் போய் இன்னொரு ஐம்பது வருஷம் உழைக்கும்.

உத்திரங்களைக் கீழே இறக்கிப் போட்டதும் எல்லோரும் காதுக்காரரைத் தேடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வேலையிடத்தில் அவர் காதுக்காரர்தான். சுத்தியலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியால் மரத்தை மூன்று இடத்தில் தட்டுவார். தட்டும்போது கண்ணை மூடிக்கொள்வார். கணீரென்றால் சாக்பீஸால் ஒரு கோடு, மரம் விற்பனைக்கு. பொத்தென்றால் பெருக்கல் குறி, விறகுக்கு. கரையானுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. மேலே தொடாது, உள்ளே இருப்பதை மட்டும் தின்னும். பார்க்கிறவன் கண்ணுக்கு மரம் ராஜா மாதிரி இருக்கும், உள்ளே வெறும் மாவு. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கோடு போட்ட மரம் ஒன்றுகூட விழுந்ததில்லை. வாங்க வருகிறவர்களிடம் கிடங்கு முதலாளி, "கோடு இருக்கா பாருங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் பேச மாட்டேன்" என்பார். அவர் பேசவேண்டிய அவசியமும் வந்ததில்லை.

அந்தக் காதுதான் போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் குருவிச் சத்தம் போனது. இந்தப் பக்கம் குருவிகள்தான் குறைந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டார். அடுத்து வாசல் மணி. அதற்கடுத்து மனைவி. "முப்பது வருஷமா நான் சொல்றத எப்ப காதுல போட்டுக்கிட்டீங்க, இப்ப போட்டுக்க?" என்று அந்த அம்மாள் இதை ஒரு மாற்றமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பாதிக் கணவன்மார்கள் நல்ல காதை வைத்துக்கொண்டே இப்படித்தான் இருக்கிறார்கள் என்பதால் இவர் தப்பித்தார். டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவாரே!

ஒரு மாடி வீட்டைப் பிரித்த அன்று பதினோரு உத்திரங்கள் இறங்கின. வழக்கம்போல் சிவப்புப் பெயின்டில் ஒன்றிலிருந்து பதினொன்று வரை அவரே எண் போட்டார். பிறகு தட்ட ஆரம்பித்தார். முதல் மரம், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. பக்கத்து மனையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லலாம். நிறுத்திய பிறகும் கேட்கவில்லையென்றால்? சுற்றி ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவனைத் தட்டச் சொல்லி அவன் முகத்தைப் பார்த்திருக்கலாம். அது மானக்கேடு என்று பட்டது. கண்ணை மூடினார், தட்டினார், கோடு போட்டார். ஏழாவதைத் தட்டும்போது மட்டும் சுத்தியல் கையில் எகிறவில்லை, சோற்றுப் பானையில் விழுந்ததுபோல் அமுங்கியது. மணிக்கட்டு அதை உணர்ந்தது. ஆனால் இருபத்தெட்டு வருஷமாக அவர் மணிக்கட்டை யார் கேட்டார்கள்? அதற்கும் ஒரு கோடு. பதினொன்றையும் முடித்துவிட்டு, "எல்லாம் நல்ல மரம்" என்றார். சொல்லும்போது நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை. அதை நினைத்தால் இப்போதும் அவருக்கு வெட்கமாக இருக்கிறது.

அவருடைய தங்கை அப்போதுதான் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். கணவனும் மனைவியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். "புது மரமெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாதுண்ணா. நீ தட்டிப் பாத்த மரமா ஒண்ணு அனுப்பு, போதும்" என்று சொல்லியிருந்தாள். அவர் விடுப்பில் இருந்த ஒரு நாளில் முதலாளி எதையோ ஏற்றி அனுப்பிவிட்டார். அவர்கள் குடிவந்த பிறகு காதுக்காரர் பார்க்கப் போனார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மேலேதான் பார்ப்பார், தொழில் பழக்கம். தங்கை மகளின் கட்டிலுக்கு நேர் மேலே, நடுவில் குறுக்குக் கோடு இழுத்த அவருடைய கையெழுத்தில், சிவப்பாக ஏழு இருந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். "என்ன மாமா மேலயே பாக்கறீங்க, பல்லியா?" என்று அந்தப் பெண் கேட்டது. "ஆமா, பல்லிதான்" என்று சொல்லிவிட்டார். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய்.

அதிலிருந்து ஐந்து வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தங்கை வீட்டுக்குப் போனார். ஜன்னல் பக்கம் காற்று நன்றாக வரும் என்று சொல்லிக் கட்டிலை நகர்த்தினார். அடுத்த வாரம் போனால் கட்டில் பழைய இடத்திலேயே இருந்தது. ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கிறதாம். பையில் சுத்தியல் எப்போதும் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி ஒரு தட்டு தட்டினால் கையாவது சொல்லிவிடும். ஆனால் அவர் தட்டவில்லை. தட்டித் தெரிந்துவிட்டால் சொல்லியே ஆகவேண்டும், சொன்னால் காதுக்காரர் என்று ஒருவர் இனி இல்லை. இந்தப் பயத்தில் ஒரு மனிதன், தன் தங்கை பெற்ற குழந்தையை அதன் கீழே படுக்க விட்டுவிட்டு வீடு திரும்பினான். அவரே தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டார், அதைவிட மோசமான வார்த்தைகளிலும். தங்கையோ அவர் வரும்போதெல்லாம் இடது பக்கமாக வந்து உட்கார்ந்து, கொஞ்சம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். புது வீட்டுச் சந்தோஷத்தில் அவள் குரல் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. நனைந்த ஓட்டுக்கு என்ன கனம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆயிரக்கணக்கில் தூக்கியிருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் கிடங்கிலிருந்து இரண்டு இரும்பு முட்டுகளை எடுத்து ஒரு சரக்கு வண்டியில் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். நல்லவேளை, குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்தது.

"என்னண்ணா இது, மழையில நனைஞ்சுக்கிட்டு? இதெல்லாம் எதுக்கு?"

"உத்திரத்துக்கு முட்டுக் குடுக்கணும்மா. கட்டில எடு. மொதல்ல கட்டில எடு."

"ஏன், அதுக்கு என்ன?"

அவர் முட்டுகளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். ஐந்து வாரமாக மென்று முழுங்கியது ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"அந்த மரத்துல நான் போட்ட கோடு பொய்ம்மா. உள்ள கரையான் தின்ன மரம். எனக்கு ஒண்ணும் கேக்கல. ஒரு வருஷமாவே சரியாக் கேக்கல. கேட்ட மாதிரி நடிச்சேன். தெரிஞ்சும் உன் பொண்ண அதுக்குக் கீழ படுக்க விட்டேன். நான் மனுஷனே இல்ல."

அவர் அழுதார். தங்கை பக்கத்தில் வந்து, அவருடைய இடது காதருகே வாயை வைத்துச் சொன்னாள்.

"தெரியும்ண்ணா."

அவர் பேயறைந்தவர்போல் பார்த்தார்.

"மரம் வந்த அன்னைக்கே தெரியும். தச்சர் அளவுக்கு அறுத்தாரு. ரம்பம் ரொட்டியில போற மாதிரி போச்சு. உள்ள பூராப் பொடி. 'உங்கண்ணன்கிட்ட சொல்லுங்கம்மா'ன்னாரு. நான்தான் வேணாம்னேன். உன்னப் பத்தி வெளிய ஒரு பேச்சு வந்துடக்கூடாதுன்னு."

"அப்ப மேல இருக்கறது?"

"இரும்பு. என் வளையல வித்து வாங்கினது. நீ உள்ள வந்ததும் மேலதான் பாப்ப. ஏழு இல்லன்னா கேப்ப. அதனால மேல் பலகைய மட்டும் சீவி எடுத்து இரும்பு மேல பொருத்தச் சொன்னேன்."

காதுக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். பையிலிருந்த சுத்தியலை எடுத்து, ஏழின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சுத்தியல் கையில் சுள்ளென்று எகிறியது. ஐந்து வாரத்துக்கு முன்பே இந்த ஒரு தட்டைத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். உயிர் திரும்பி வந்தது போலவும், கன்னத்தில் யாரோ அறைந்தது போலவும் இருந்தது. தங்கை துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டாள்.

"விடுண்ணா. ஒண்ணும் ஆகல இல்ல? நம்ம வீட்டுக்கு ஒண்ணும் ஆகல."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். துவட்டிக்கொண்டிருந்த கையும் நின்றது.

"அண்ணா, அன்னைக்கு மொத்தம் எத்தன மரம்?"

"பதினொண்ணு."

"மத்த பத்தும் எங்க போச்சு?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள், "உன் பேரக் காப்பாத்தறேன்னு நெனச்சேன். மத்தவங்க வீட்ட நான் நெனைக்கவே இல்லண்ணா." இதை மட்டும் அவள் உரக்கச் சொல்லவில்லை. அவள் உதட்டைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார்.

எங்கே போனது என்று அவருக்குத் தெரியும். நான்கு, ஒரு தையற்கூடத்துக்கு. அங்கே பதினைந்து பெண்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள். மூன்று, மாணவர் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துக்கு. இரண்டு, ஒரு லாரி ஓட்டுநர் வீட்டுச் சமையலறைக்கு. ஒன்று, புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடியின் படுக்கையறைக்கு. எல்லோரும் கோட்டைப் பார்த்து வாங்கினவர்கள். அந்தப் பத்தில் கைக்கு ஒன்றும் படவில்லைதான், ஆனால் காதால் கேட்டுப் போட்ட கோடு அதில் ஒன்றுகூட இல்லை. இந்த ஐந்து வாரத்தில் அவர்களில் ஒருவரைக்கூட அவர் நினைக்கவில்லை. தன் வீட்டுக் குழந்தை என்றதும் துடித்த மனசு, ஊரார் தலைக்கு மேல் பத்து மரத்தை வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறது.

அவர் எழுந்து முட்டுகளைத் தோளில் போட்டார். தங்கை குடையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினாள்.

தையற்கூடத்தில் இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அவருக்கு ஊசிகள் ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. மேலே பார்த்தார். இரண்டு, ஐந்து, எட்டு, ஒன்பது, எல்லாம் அவர் கையெழுத்து. ஈரக் காலோடு, தோளில் இரும்போடு வாசலில் நின்ற கிழவரைப் பார்த்துக் கூடத்துக்காரம்மா எழுந்து வந்தாள். அடையாளம் தெரிந்ததும் சிரித்தாள். ஏதோ கேட்டாள். பின்னால் நின்ற தங்கை அவர் காதருகே அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"எனக்குக் காது கேக்காதும்மா" என்றார், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "முதல்ல எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க."