அறுபத்தெட்டுக் கிலோ மனிதர்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: ஆன்மிக உலகம் பல நூற்றாண்டுகளாகக் காத்திருந்த மாபெரும் நிகழ்வு, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, பிரசவ ஆஸ்பத்திரியின் இரண்டாவது வார்டில் நிறைவேறியது. தராசு மெக்கானிக்கின் எடை பூஜ்யமாகி, அவர் மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டார். ஏணி வெள்ளையடிப்பவரிடம் இருந்ததால் உடனே இறக்க முடியவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன் சூஃபி வழியில் காலடி வைத்தபோது அவருக்கு நாற்பத்தோரு வயது, அறுபத்தெட்டுக் கிலோ. கல்யாணமான நாளிலிருந்து அந்த எடையில் ஒரு கிராம் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. இது அவருக்குப் பெருமை, தொழிலுக்கும் வசதி. தராசைச் சரிபார்க்க இரும்பு எடைக்கல்லை மாடிமாடியாகச் சுமந்துபோக வேண்டும் என்பது விதி. முதுகு என்று ஒன்று இருக்கிறதே என்று அவர் கல்லைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, தாமே தராசில் ஏறி நிற்பார். முள் அறுபத்தெட்டைக் காட்டினால் நல்ல தராசு. காட்டாவிட்டால் திருப்புளியை எடுத்துக் காட்டவைப்பார்.

அவர் தேடிப்போன ஷெய்கு மெத்தை தைக்கிறவர். குரு கையைப் பிடித்துச் சீடனாக ஏற்பது அந்த வழியின் முறை. இவர் கையை நீட்டினார். ஷெய்குவின் கையில் ஊசி இருந்தது. “‘நான்’கிறத எங்கயாவது எறக்கி வச்சிட்டு வா. அப்புறம் பிடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அவர் பஞ்சைத் திணிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து மெக்கானிக் இறக்கி வைக்கத் தொடங்கினார். வைகறையில் எழுந்து இறைவன் பெயரை ஆயிரம் தடவை சொன்னார். பழைய பாவங்களுக்கு வருந்தியதில் நாலு கிலோ போயிற்று. பொறுமை என்ற படியில் ஒன்பது கிலோ. அதில் பாதி மைத்துனரின் பேச்சைக் கேட்டதால். குரல் மெலிந்தது. மனைவி எதைக் கேட்டாலும் கண்ணை மூடிப் புன்னகைக்கிற பழக்கமும் வந்தது. ஆனால் எடை குறைவது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. செருப்புத் தேயாதபோது செருப்பு தைத்தவரைப் பாராட்டினார். தராசு அறுபத்துநாலு காட்டினால், “சுருள் தளர்ந்துபோச்சு” என்று திருப்புளியை எடுத்தார். தாமே தப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் ஒரு தராசின் மேலும் அவருக்கு உதிக்கவில்லை.

இதனால் ஊர் கனத்தது. ஒன்பதாம் வருஷம் ஒல்லியான தையல்காரர் இருநூறு கிலோ இருந்தார். எட்டுப் பேர் ஏறும் லிஃப்டில் இரண்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று பலகை மாட்டினார்கள். வெங்காயம் நாலு கிலோ வாங்கியவர்கள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். மல்யுத்தக் கழகத்தில் எல்லாரும் ஒரே பிரிவில் சேர்ந்துவிட்டதால் கீழே உள்ள பிரிவுகளை மூடினார்கள். தம் ஆட்சியில் மக்கள் நான்கு மடங்கு வளர்ந்ததாக நகரசபைத் தலைவர் கல்வெட்டு வைத்தார்.

மெக்கானிக்கின் மனைவி பிரசவ வார்டில் நர்ஸ். அங்கே தாயையும் பிள்ளையையும் சேர்த்து நிறுத்து, தாயின் எடையைக் கழிப்பார்கள். பிறந்த பிள்ளை ஒவ்வொன்றும் பன்னிரண்டு கிலோ வந்தது. மருந்தின் அளவு எடையைப் பார்த்துத்தான். அந்த அம்மாள் சீட்டில் பன்னிரண்டு என்று எழுதிவிட்டு, பிள்ளையைக் கையில் ஏந்திப் பார்த்து, கை சொன்ன அளவுக்கே மருந்து கொடுத்துவந்தார். பிறகு அவருக்கு வேறு வார்டுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அன்று வீட்டுக்கு வந்தவர், தியானத்தில் இருந்த கணவரைத் தண்ணீர்க்குடம் போல இடுப்பில் தூக்கி வைத்தார்.

“பதினேழு கிலோ இருப்பீங்க. அதுக்கு மேல ஒரு பிடி கூட இல்ல. அடுத்த வாரம் புதுசா வர்ற பொண்ணு தராசை நம்பி மருந்து ஏத்துவா. என்ன செய்யப்போறீங்க?”

அவர் காதில் பதினேழு என்பது மட்டும்தான் விழுந்தது. இடுப்பிலிருந்து குதித்து, மெத்தைக் கடைக்கு ஓடி, “ஷெய்கு, அம்பத்தொரு கிலோ எறக்கிட்டேன்” என்றார்.

ஷெய்கு நூலைப் பல்லால் கடித்தார். “இத்தன வருசமா ஊருல எதை வச்சு எடை பார்த்த?”

“என்னை வச்சுத்தான்.”

“அப்ப இன்னும் இருக்கு.”

அவர் திரும்பி வந்து கட்டிலுக்கடியிலிருந்து இருபது கிலோக் கல் இரண்டை இழுத்தார். ஊரில் நூற்று நாற்பது தராசு. ஒவ்வொரு இடத்திலும் கல்லை வைத்து முள்ளைச் சரிசெய்து, தப்பு தராசில் இல்லை, தன்மேல்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. வெங்காயக் கடைக்காரர் நல்ல தராசைக் கெடுக்காதே என்று விரட்டினார். தையல்காரர் அறுபது கிலோவுக்குத் திரும்பி, ஏமாந்ததாக அழுதார். மல்யுத்தக் கழகத்தார் அடிக்கவே வந்தார்கள். ஒவ்வொரு தடவை சொன்னபோதும் நூறு, நூற்றைம்பது கிராம் கழன்றது. கடைசிக் கடைகளுக்குள் கையிலிருந்த கல்தான் அவரைத் தரையில் நிறுத்தியது.

வார்டுத் தராசைக் கடைசிக்கு வைத்திருந்தார். அங்கே சொல்ல வேண்டியது மனைவியிடம். செவ்வாய்க்கிழமை, புதிய நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த நாள். மனைவி அவளிடம் வார்டை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் இரண்டு கல்லையும் தராசில் வைத்தார். திருப்புளி போட்டார். முள் நாற்பதில் நின்றது.

“தப்பு என்மேலதான்மா. நீ அன்னிக்குக் கேட்டப்பவும் காதுல வாங்கல.”

“எனக்குக் கேட்டுச்சு” என்றார் மனைவி. மெக்கானிக் மேலே போனார்.

புது நர்ஸ் அண்ணாந்து பார்த்துவிட்டு முதல் பிள்ளையை நிறுத்தாள். மூன்று கிலோ. அதற்குரிய மருந்தை எடுத்தாள். அந்த நேரத்தில் வார்டுக்குச் சொல்லியிருந்த மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷெய்கு வந்தார். கூரையைப் பார்த்தார். ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவிட்டு, ஸ்டூலில் ஏறிக் கையை நீட்டினார்.

“பிடி.”

பதினோரு வருஷம் காத்திருந்த கை அது. மெக்கானிக் பிடித்தார். ஷெய்கு அவரைக் கீழே இழுத்து, இரண்டு கல்லையும் கையில் கொடுத்துவிட்டு, மெத்தையை எந்தக் கட்டிலில் போட வேண்டும் என்று நர்ஸிடம் விசாரித்தார்.

மெக்கானிக் இப்போது கல்லைச் சுமந்துதான் வேலைக்குப் போகிறார். கீழே வைத்தால் மேலே போய்விடுவார். நகரசபைக் கல்வெட்டு அப்படியே இருக்கிறது. அவருக்கு முதுகு வலிக்கிறது.