நாலாவது கட்டம்

18 ஜூன் 2025, புதன். நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு. குறுக்கு விசாரணை பதினொன்று இருபதுக்குத் தொடங்கியதாக எழுதியிருக்கிறேன். சரியான நேரம் பதினொன்று நாற்பது. என் கைக்கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. தெரிந்தும் அதையே பார்த்து எழுதிவிட்டேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு சங்கமித்ரா பேனாவை மூடினாள். திருவொற்றியூரில் மாலை வகுப்பு தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பகலில் அவளுக்குக் கன்டெய்னர் யார்டு கேட்டில் பதிவு வேலை. மாலையில் தொழிற்சாலைப் பாதுகாப்புப் படிப்பு, மூன்றாவது வருடமாக.

இந்தப் படிப்புதான் நேற்று அவள் வழக்கைக் கவிழ்த்தது.

முதல் வருடம் வாத்தியார் தங்கப்பாண்டி விபத்துப் பதிவேடு எழுதக் கற்றுக்கொடுத்தார். நாலு கட்டம்: நேரம், நடந்தது, பார்த்தவர், என் பங்கு. எழுதுகிறவர் முதலில் தன் பங்கைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் அதே இடத்தில் அடிபடும் என்றார். சங்கமித்ரா அதை அப்படியே எம்.கே.பி. நகர் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவன் பகலவன் கை ஓங்கிய ஒவ்வொரு நாளும் நோட்டில் நாலு கட்டம் போட்டாள். தன் பங்கைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் அடி நின்றுவிடும் என்று உண்மையாகவே நம்பினாள்.

அடி நிற்கவில்லை. அவள் தன் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்து விவாகரத்து கேட்டாள். பகலவன் சம்மதிக்கவில்லை. அப்படியானால் கொடுமையை நிரூபித்தாக வேண்டும் என்று வக்கீல் ஐரீன் சொன்னபோது, கோர்ட்டில் கொடுக்கும்படியாக அவளிடம் இருந்தது அந்த நோட்டு ஒன்றுதான். சாட்சிக்கு எம்.கே.பி. நகரில் அடுத்த வீட்டில் இருந்த சொக்கம்மாளைக் கேட்டுப் பார்த்தாள்.

"என்னிய கோர்ட்டாண்ட இட்டுக்கினு போவாத கண்ணு," என்றாள் சொக்கம்மாள். "அவன் அட்ச்சத நான் பாக்கல. நீ அழுதத மட்டும் கேட்டேன். அழுவாத வூடு எது கீது இந்த பிளாக்ல?"

நேற்று எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டை அவள் கையிலேயே கொடுத்தார். குரலை உயர்த்தவே இல்லை. நாலாவது கட்டத்தை மட்டும் வாசிக்கச் சொன்னார்.

"பக்கம் பதினாலு."

"ரசத்தில் உப்பு அதிகம். எதிர்த்துப் பேசினேன்."

"பக்கம் பதினேழு."

"சாவியை மறந்துவிட்டு வேலைக்குப் போனேன்."

இப்படிப் பத்தொன்பது பக்கங்கள். தன் குரலில் கேட்கக் கேட்க அவளுக்கே சந்தேகம் வந்தது. கையெழுத்து யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றாள். வேறு நோட்டு உண்டா என்றார். ஐரீன் நிமிர்ந்து பார்ப்பதற்குள், இன்னொன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அதையும் தாக்கல் செய்ய உத்தரவானது.

வராந்தாவில் பகலவன் அவளைக் கடந்து போனான். "இன்னா மித்ரா, நீயே எழுதி நீயே படிக்கிற. எனக்கு இன்னாத்துக்கு வக்கீலு? பீஸு தண்டம்."

இரண்டாம் நோட்டு இப்போது அவள் மடியில் இருந்தது. ஒரு முறை அவனோடு சமாதானமாகித் திரும்பிப் போய் மூன்று வாரம் இருந்த காலத்து நோட்டு அது. கொடுமையை மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்தாள் என்று அதைக் காட்டியே வாதாடுவார்கள் என்று ஐரீன் சொல்லியிருந்தாள்.

தங்கப்பாண்டி வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். சங்கமித்ரா எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். அந்தக் கட்டம் படிவத்தில் உள்ளதுதான், குற்ற ஒப்புதல் இல்லை என்று ஒரு முறை கோர்ட்டில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டாள். அவர் வெகுநேரம் ஹெல்மெட்டைத் துடைத்தார்.

"நான் கன்டெய்னருக்குச் சொல்லிக்குடுத்தேம்மா. குடும்பத்துக்கு இல்ல."

கம்பெனியில் தெரிந்தால் சிக்கல், மகளுக்கும் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். வகுப்புக்கு நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டார்.

அவள் நோட்டைத் திறந்தாள். பக்கம் முப்பத்தொன்று. 11 பிப்ரவரி 2024, ஞாயிறு. எண்ணூர் போனோம். மீனில் முள் எடுத்துக் கொடுத்தார். நல்ல நாள். என் பங்கு: இத்தனை நாள் அவரைச் சந்தேகப்பட்டது.

இந்த ஒரு தாள் இல்லாவிட்டால்? விரல் தாளின் ஓரத்தைப் பிடித்தது. பிறகு திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் முப்பத்திரண்டு. எட்டு நாள் கழித்து, அவன் கதவை அவள் கைமேல் அறைந்து சாத்திய அன்று எழுதியது. வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டிருந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது, இடது கையால் எழுதியதால். வழக்கில் அவளுக்கென்று இருந்த பலமான பக்கம் அது ஒன்றுதான். கிழித்தால் அதுவும் போய்விடும்.

பார்த்தவர்: யாருமில்லை. என் பங்கு: கதவருகில் நின்றது.

உள்ளே வருகைப் பதிவு வாசிக்கும் சத்தம் கேட்டது. அவள் தாளை விட்டுவிட்டாள். இன்றைய பக்கத்தின் கடைசியில் எழுதினாள்:

நாளை: இரண்டாம் நோட்டு, ஜெராக்ஸ் மூன்று பிரதி. எல்லாப் பக்கமும் வந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பத்தரைக்குள் ஐரீன் மேடம் ஆபீஸில் கொடுக்க வேண்டும்.